முந்நூறு மீற்றர் ஸ்ரனிஸ்லாஸ்

பிரெடெரிசியாவில் தண்ணீர்க் குழாய்களுக்கு வால்வு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பொதி கட்டும் பிரிவில் ஸ்ரனிஸ்லாஸ் வேலை செய்தார். 1988ஆம் ஆண்டு பங்குனியில் ஒரு திங்கட்கிழமை காலை, பக்கத்து மேசைக்காரனான பிரெபன் வலது புருவத்தில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தான். இரண்டு கிழமைக்கு முன்பும் அதே இடத்தில்தான் பிளாஸ்டர் இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் மரியாதை தெரிந்த மனிதர். பிரெபனின் மனைவி இங்கர்லிசே உயரமான, நல்ல பலமுள்ள பெண் என்பதை நத்தார் விருந்தில் பார்த்திருந்தார். ஆகவே ஒன்றும் கேட்கவில்லை.

பிரெபன் தானாகவே சொன்னான். "துவக்கு அடித்துவிட்டது."

வைலேக்குப் போகும் வழியில் ஒரு கிராமத்தில் அவனுடைய சுடுநர் சங்கம் இருந்தது. முந்நூறு மீற்றர் தூரத்தில் கடதாசிக் குறியை வைத்துச் சுடுவார்கள். கிட்டத்தில் உள்ளதைச் சுட்டுச் சலித்தவர்கள் அவர்கள். பிரெபன் புதிதாகத் துவக்கின் மேல் ஒரு தொலைநோக்கி பூட்டியிருந்தான். ஸ்கோப் என்று சொல்வார்களே, அது. ஒவ்வொரு வெடிக்கும் துவக்கு பின்னால் உதைக்க, ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை போல ஒரு வெட்டுப் போட்டது. சங்கத்தில் நான்கு பேருக்கு அந்தப் பிறை உண்டு என்று கொஞ்சம் பெருமையோடும் சொன்னான். காட்போட் பெட்டியொன்றில் படம் கீறியும் காட்டினான்.

ஸ்ரனிஸ்லாஸ் படத்தைப் பார்த்தார். தன்னிடம் இருந்த டேனிஷ் முழுவதையும் திரட்டினார்.

"கண்ணாடி கிட்ட. முன்னுக்குத் தள்ளு. நாலு விரல்."

பிரெபன் கையிலிருந்த வால்வைக் கீழே வைத்தான். "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டவன், பதிலுக்குக் காத்திருக்காமல் தன் நெற்றியில் தட்டிக்கொண்டான். "நீ தமிழன் அல்லவா!"

அந்தக் காலத்தில் டென்மார்க்கில் தமிழரைப் பற்றி இரண்டு அபிப்பிராயங்கள் நிலவின. சும்மா இருந்து சாப்பிட வந்தவர்கள் என்பது ஒன்று. எல்லோரும் போர்வீரர்கள் என்பது மற்றது. பிரெபன் இரண்டாவது கட்சி. அதுதான் அன்பான கட்சி.

உண்மையில் ஸ்ரனிஸ்லாஸ் தன் வாழ்நாளில் துவக்கின் முன்பக்கத்தை மட்டுமே பார்த்தவர். மன்னார்க்காரர். நில அளவைத் திணைக்களத்தில் பன்னிரண்டு வருடம் வேலை. தியோடலைட் என்ற கருவிதான் அவருடைய சோறு. மூன்று கால், மேலே ஒரு குழாய், குழாய்க்குள் மயிரிழை போல ஒரு குறுக்குக்கோடு. தூரத்தில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உதவியாளரை அந்தக் கோட்டுக்குள் கொண்டுவந்து, கோணத்தைப் பாகையும் கலையுமாக வாசித்து எழுத வேண்டும். ஸ்கோப்பும் அதே சாமான்தான். கால்கள் இல்லை. அடியில் ஒரு துவக்கு இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் டேனிஷில் விளக்க அவருக்கு இன்னும் மூன்று வருடம் தேவைப்பட்டது. அதனால் பேசாமல் சிரித்தார். பிரெபன் அந்தச் சிரிப்பை ஒரு படைத் தளபதியின் அடக்கமாக எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரெபன் துவக்குக் கடையின் விலைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தான். புருவத்தில் அடித்துக்கொண்டே இருந்த ஸ்கோப்பை விட்டு வேறு ஒன்று வாங்கப்போகிறானாம். பக்கங்கள் முழுக்க ஸ்கோப்புகள், பெண் பார்க்கும் படங்கள் போலப் பளபளத்தன. பிரெபனின் விரல் எல்லாவற்றிலும் பெரியதில் போய் நின்றது. இருபத்துநான்கு மடங்கு பெருப்பிக்கும். முன்கண்ணாடி தேத்தண்ணிக் கோப்பை அளவு.

ஸ்ரனிஸ்லாஸ் தலையாட்டி மறுத்தார். இருபத்துநான்கு மடங்கு என்றால் குறி மட்டும் பெருக்காது. கை நடுக்கம் பெருக்கும், மூச்சு பெருக்கும், வெயிலில் நிலத்திலிருந்து எழும்பும் கானலும் பெருக்கும். மன்னாரில் பதினொரு மணிக்குப் பிறகு தியோடலைட்டுக்குள் பார்த்தால் பனைமரமே பாம்பு போல நெளியும். இதைச் சொல்ல அவருக்கு வார்த்தை இருக்கவில்லை. கையை நெளித்துக் காட்டினார். சாப்பாட்டு மேசையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இங்கே அவ்வளவு வெயில் இல்லையே?" என்றான் பிரெபன்.

"கை இருக்கு," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். முட்கரண்டியைப் பிடித்திருந்த பிரெபனின் கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அன்று அவனுக்கு அது ஐந்தாவது கோப்பிக் கோப்பை.

பெரிய முன்கண்ணாடி உள்ளதைப் பூட்டினால் துவக்கின் குழாயில் முட்டும்; முட்டாமலிருக்க உயர்த்திப் பூட்டினால் கன்னம் கட்டையில் படாது; கன்னம் படாவிட்டால் தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். கடைசியில் பத்து மடங்கு ஒன்றைத் தெரிவுசெய்தார்கள். பார்வைக்குச் சாதாரணமானது. ஆனால் முன்பக்கத்தில் தூரத்துக்கேற்பத் திருப்பும் வளையம் இருந்தது. ஸ்ரனிஸ்லாஸ் அந்த வளையத்தை விரலால் மூன்று முறை தட்டிக் காட்டினார். பிரெபன் பெரியதை மறுபடியும் ஒரு முறை பார்த்து, பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடினான்.

சனிக்கிழமை பிரெபனின் காரில் சங்கத்துக்குப் போனார்கள். சங்கத் தலைவர் ஹென்னிங் வெண்ணெய்த் தொழிற்சாலையில் இருந்து ஓய்வுபெற்றவர். நாற்பது வருடமாகக் கடதாசியைச் சுட்டுக்கொண்டிருந்தார். அவருடைய புருவத்திலும் பிறை இருந்தது. அவர் ஸ்ரனிஸ்லாஸின் கையை நீண்ட நேரம் பிடித்துக் குலுக்கினார். "எந்தப் பிரிவில் இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"மன்னார்ப் பிரிவு," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். திணைக்களத்தில் அப்படித்தான் பெயர். ஹென்னிங் மரியாதையாகத் தலையசைத்தார்.

துவக்கு வெறுமை என்பதை ஹென்னிங் திறந்து காட்டிய பிறகே ஸ்ரனிஸ்லாஸ் அதைத் தொட்டார். மணல்மூட்டையில் கிடத்தினார். பிரெபனைப் படுக்க வைத்து, கண்ணை மூடிக் கன்னத்தைக் கட்டையில் வைக்கச் சொன்னார். பிறகு கண்ணைத் திறக்கச் சொன்னார். வட்டம் முழுதாக, கறுப்பு விளிம்பில்லாமல் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தினார். புருவத்துக்கும் ஸ்கோப்புக்கும் நடுவில் நாலு விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஐம்பது மீற்றரில் ஒரு கம்பத்தில் நூலைக் கட்டி, நுனியில் பிரெபன் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பெரிய வால்வு ஒன்றைத் தொங்கவிட்டார். காற்று நின்று நூல் நேரானதும், ஸ்கோப்பின் நிலைக்கோட்டை நூலோடு ஒட்டிவரும்படி திருப்பினார். துவக்கு சரியாமல் இருக்க அதன் முதுகில் ரசமட்டம். ஆணிகளை ஒவ்வொன்றாக முறுக்காமல் இதில் கொஞ்சம், எதிரில் கொஞ்சம் என்று மாறி மாறி இறுக்கினார்.

"இவ்வளவு சடங்கு எதற்கு?" என்றார் ஹென்னிங். "நாங்கள் கண்ணால் பார்த்து நேராக்கிவிடுவோம்."

"நூறு மீற்றர் பிழை இல்லை. முந்நூறில் பக்கம் போகும்."

ஹென்னிங்கின் முகம் மாறியது. எட்டு வருடமாக முந்நூறில் அவருடைய வெடிகள் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்தன. அதற்குக் காரணம் மேற்குக் காற்று என்று ஆண்டறிக்கையில் எழுதிவந்தார்.

பிறகு துவக்கின் பின்பூட்டைக் கழற்றி, குழாயினூடாகவே குறியைப் பார்த்தார்கள். குழாய்க்குள் குறி நடுவில் நிற்கும்போது ஸ்கோப்பின் கோடும் அங்கேயே நிற்கும்படி திருகினார். நூறு மீற்றரில் மூன்று வெடி. மூன்றும் ஒரு கை அளவில் பக்கத்துப் பக்கத்தே விழுந்தன. திருகியை ஒரு முறை கிளிக் என்று திருப்பினால் நூறு மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர் நகரும், முந்நூறில் மூன்று. ஸ்ரனிஸ்லாஸ் பொதிச் சிட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, திருகி, மறுபடி சுடச் சொன்னார். நடு. முந்நூறுக்குப் போனதும் பதினாலு கிளிக் மேலே ஏற்றினார். முன்வளையத்தைத் திருப்பித் திருப்பி, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். தலை அசைந்தாலும் கோடு குறியை விட்டு அசையக்கூடாது. அசையவில்லை.

பிரெபன் ஐந்து வெடி வைத்தான். ஐந்தும் கறுப்புக்குள். புருவத்தில் ஒன்றும் படவில்லை. எழுந்து ஸ்ரனிஸ்லாஸைக் கட்டிப்பிடித்தான். டேனிஷ்காரர் குடிக்காமல் கட்டிப்பிடிப்பதை அவர் அன்றுதான் முதலில் கண்டார்.

"இப்போது நீ சுடு," என்றார் ஹென்னிங்.

"நான் சுடமாட்டன்."

"ஏன்?"

அதற்கும் அவரிடம் டேனிஷ் இருக்கவில்லை. இருந்திருந்தால் இப்படிச் சொல்லியிருப்பார்: 1985இல் முருங்கன் பக்கம் ஒரு குளக்கட்டை அளந்துகொண்டிருந்தபோது, வீதியில் போன ஆமி ட்ரக் ஒன்று நின்றது. மூன்று கால் சாமானையும் அதன் பின்னால் குனிந்து நிற்கும் ஒருவனையும் பார்த்தார்கள். கேட்கவில்லை, சுட்டார்கள். தியோடலைட் சிதறியது. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற உதவியாளர் சிவானந்தனுக்கு இடுப்பில் வெடி. சிவானந்தன் உயிர் தப்பினான். திணைக்களம் கருவி தொலைந்ததற்கு ஸ்ரனிஸ்லாஸிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியது. விளக்கத்தை எழுதி அனுப்பிவிட்டு அவர் நாட்டை விட்டு வெளிக்கிட்டார்.

"தோள் நோவு," என்று மட்டும் சொன்னார். ஹென்னிங் போர்க்காயம் என்று புரிந்துகொண்டு தொப்பியைக் கழற்றினார்.

அந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமைகளில் சங்கத்து ஸ்கோப்புகள் எல்லாம் அவர் கையால் கழன்று, அவர் கையாலேயே பூட்டப்பட்டன. புருவங்கள் ஆறின. அவருக்கு முந்நூறு மீற்றர் ஸ்ரனிஸ்லாஸ் என்று பெயர் வந்தது. அவருக்கும் அந்தச் சனிக்கிழமைகள் தேவையாகத்தான் இருந்தன. மனைவி அருள்நாயகியும் இரண்டு பிள்ளைகளும் பேசாலையில் இருந்தார்கள். சந்திக்குச் சந்தி இந்தியன் ஆமி. அவர்களைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை 1987 ஆவணியில் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு தபால்பெட்டியில் விளம்பரங்கள் மட்டுமே விழுந்தன. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். எல்லாத் தமிழருக்கும் அதே பதில்தான். சனிக்கிழமை ஸ்கோப்புக்குள் பார்க்கிற இரண்டு மணி நேரம் மட்டும் அவருக்கு அந்த ஞாபகம் கொஞ்சம் விட்டிருந்தது.

இதற்குள் வைலேயில் இருந்த தேவராசா, ஸ்ரனிஸ்லாஸ் ஒரு நீட்டுப் பெட்டியைத் தூக்கிக் காரில் வைப்பதைக் கண்டுவிட்டான். தேவராசாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. செய்திகளையும் அங்கே போலவே பகுதி பகுதியாக வெட்டிக் கொடுப்பான். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு முன் ஸ்ரனிஸ்லாஸ் ஒரு இயக்கத்துக்குப் பயிற்சி கொடுப்பவராக இருந்தார். நற்கருணைக்குப் பிறகு டேனிஷ் உளவுத்துறையில் இருந்தார். பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது அவருடைய நீட்டு வாங்கில் அவர் மட்டும் தனியே இருந்தார்.

கடைசியில் தேவராசாவே துணிந்து வந்தான்.

"ஸ்ரனிஸ் அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன். எந்த இயக்கம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"நில அளவைத் திணைக்களம்."

தேவராசா சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "புதுசா தொடங்கினதோ?"

பின்னர் இரண்டு பேர் தனித்தனியாக வந்து, பொடியளுக்கு ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டார்கள். இருவரும் எதிரெதிர் இயக்கத்தவர்கள். இருவருக்கும் அவர் கானலைப் பற்றி விளக்கினார். இருவரும் பாதியில் எழும்பிப் போனார்கள்.

ஆவணியில் மனைவி பிள்ளைகளின் கதை பிரெபனுக்குத் தெரியவந்தது. அதுவரை ஸ்ரனிஸ்லாஸ் அவனிடம் சொன்னதில்லை. பிரெபன் அரசாங்கக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். தன் அரசாங்கம் ஒரு மனிதனின் பிள்ளைகளைக் காக்கவைக்கும் என்று அவனால் நம்ப முடியவில்லை. யாரோ மறந்திருப்பார்கள், ஞாபகப்படுத்தினால் போதும் என்றான். சங்கத்துக்குப் போய்ச் சொன்னான். ஹென்னிங் தானே எழுதுவதாக ஏற்றுக்கொண்டார். ஆண்டறிக்கை எழுதிப் பழகிய கை.

கடிதத்தின் பிரதி பிற்பாடு ஸ்ரனிஸ்லாஸுக்குக் கிடைத்தது. அதில் இப்படி இருந்தது: "இந்தத் தமிழ் அகதியை எங்கள் சங்கம் நெருக்கமாக அறியும். நீண்ட தூரக் குறியில் அவருக்குள்ள அறிவு எங்கள் எல்லோரையும் வியக்கவைத்தது. தன் நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் அரச பணியில் இந்த அனுபவத்தைப் பெற்றார். அவர் வந்த பிறகு எங்கள் உறுப்பினர் ஒருவர்கூட முந்நூறு மீற்றரில் குறி தவறவில்லை. அவர் அமைதியானவர், பொறுமையானவர், காற்றைக் கணிப்பதில் நிகரற்றவர். குடும்பமும் வந்து சேர்ந்தால் அவர் இன்னும் முழு மனதோடு இதில் ஈடுபடுவார் என்று நம்புகிறோம்." கீழே பதினொரு கையெழுத்து.

மனைவி பிள்ளைகளைப் பற்றிய விண்ணப்பத்துக்கு ஒரு வருடமாகப் பதில் இல்லை. இந்தக் கடிதத்துக்கு ஒன்பது நாளில் பதில் வந்தது. பதில் ஒரு பொலிஸ் அதிகாரியின் வடிவத்தில் வந்தது.

விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளராக இஷொய் என்ற ஊரிலிருந்து குணசேகரம் என்பவரை ரயிலில் வரவழைத்திருந்தார்கள். கோட், டை, தோல் பை. ஊரில் கணக்காளர். ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பவர் என்று பெயர் எடுத்தவர். அதுதான் அன்று ஆபத்தாகிப்போனது.

"ஊரில் என்ன கருவி பாவித்தாய் என்று கேட்கிறார்," என்றார் குணசேகரம்.

"தியோடலைட்."

குணசேகரத்துக்கு அந்தச் சொல் தெரியாது. "அதென்ன சாமான்? விளக்கமாச் சொல்லுங்கோ."

"மூண்டு கால் இருக்கும். நிலத்திலை ஊண்டி நிப்பாட்டுவம். மேலை ஒரு குழாய். குழாய்க்குள்ளாலை பாத்தா தூரத்திலை நிக்கிற ஆளைக் கோட்டுக்குள்ளை கொண்டுவரலாம்."

குணசேகரம் அப்படியே மொழிபெயர்த்தார். அதிகாரியின் தட்டச்சு நின்றது.

"எவ்வளவு தூரம்?"

"நல்ல வெளிச்சமெண்டா ரெண்டு மைல்."

"அங்கே நிற்பவர் யார்?"

"எங்கடை ஆள்தான். சம்பளத்துக்கு நிக்கிறவன்."

"உங்களுடைய ஆளையேவா?"

"ஓம். ஆடாமல் நிக்கச் சொல்லுவம். ஆடினா திருப்பி ஒருக்கா எடுப்பம்."

குணசேகரம் இதையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார். அதிகாரி தண்ணீர் குடித்தார்.

"அந்தக் குழாயிலிருந்து என்ன வெளியே வரும்?"

"இலக்கம் வரும்."

"இலக்கம் மட்டுமா?"

"பாகை, கலை எல்லாம் வரும். அதை நாங்கள் கொப்பியிலை எழுதுவம்."

அதிகாரி தட்டச்சிலிருந்து தாளை உருவினார். ஏதோ எங்கோ பிழையாகிவிட்டது என்று ஸ்ரனிஸ்லாஸுக்கு விளங்கியது. ஒரு தாளைக் கேட்டு வாங்கிப் படம் கீறினார். மூன்று கால், குழாய், பின்னால் குனிந்து நிற்கும் மனிதன். கீறி முடித்ததும் படத்தைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார். முருங்கனில் அந்த ட்ரக்கில் இருந்தவர்கள் கண்டது இதைத்தான். பென்சிலை மறுபடி எடுத்து, படத்தைச் சுற்றி ஒரு வயல், வேலி, குளம் கீறினார். வேலிக்கு இந்தப் பக்கம் ஒருவனின் காணி, அந்தப் பக்கம் மற்றவனின் காணி என்று இரண்டு வீடு கீறினார். இரண்டு வீட்டுக்காரரும் கையை ஓங்கிச் சண்டை பிடிப்பதாகக் கீறினார்.

அதிகாரியின் முகம் தெளிந்தது. அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரனோடு வேலிப் பிரச்சினை இருந்தது. "காணி அளப்பவர்!" என்று கத்தினார்.

இருந்தாலும் கோப்பு திறக்கப்பட்டுவிட்டது. மூட ஒரு காரணம் வேண்டும். அடுத்த சனிக்கிழமை அவர் சங்கத்துக்கே வந்தார். ஸ்ரனிஸ்லாஸ் நூலில் வால்வைத் தொங்கவிட்டுக் காற்று நிற்பதற்காகக் காத்திருந்தார். இருபது நிமிடம் காற்று நிற்கவில்லை. அவரும் அசையவில்லை. அதிகாரிக்குக் கால் வலித்தது.

"இவர் நன்றாகச் சுடுவாரா?" என்று ஹென்னிங்கிடம் கேட்டார்.

"ஒரு நாளும் சுட்டதில்லை," என்றார் ஹென்னிங். அதைத் தன் கடிதத்தில் எழுதவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருடைய காது சிவந்தது.

'குறி பார்ப்பார், சுடமாட்டார்' என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனார். அதன் பிறகு அந்த விஷயமாக ஒருவரும் வரவில்லை. விண்ணப்பம் மட்டும் பழையபடி பரிசீலனையில் இருந்தது.

அடுத்த வருடம் விஷயம் வெளியே வந்தது. தமிழ்க் குடும்பங்களின் கோப்புகளை யாரும் மறக்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கோப்புகள் அசையத் தொடங்கின. 1989 புரட்டாதியில் அருள்நாயகியும், பதினொரு வயது அஜந்தினியும், ஏழு வயது சுஜிந்தனும் வந்து இறங்கினார்கள். சங்கத்தில் எல்லோரும் தங்கள் கடிதம்தான் வேலை செய்தது என்று நம்பினார்கள். ஸ்ரனிஸ்லாஸ் மறுத்துச் சொல்லவில்லை.

அருள்நாயகி வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மேசையில் ஒரு ஸ்கோப்பைக் கண்டாள்.

"இதென்ன?"

"துவக்குக்குப் பூட்டுற கண்ணாடி."

அவள் அதைத் தொடவில்லை. "ரெண்டு வருசம் நான் துவக்குக்குப் பயந்து பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழை கிடந்தன். நீங்கள் இஞ்சை இருந்து துவக்குக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தனீங்களோ?"

"கடதாசியைத்தான் சுடுகினம், அருள்."

"கடதாசி இவைக்கு என்ன செய்தது?"

ஸ்ரனிஸ்லாஸ் ஸ்கோப்பைத் துணியில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தார்.

ஐப்பசியில் சங்கம் குடும்பத்துக்கு வரவேற்பு வைத்தது. அருள்நாயகி வர விரும்பவில்லை. நன்றி சொல்லாமல் விட்டால் அழகில்லை என்று கடைசியில் வந்தாள். சங்க மண்டபத்தில் மேசை நிறையக் கேக், கேக் நிறையச் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள். இங்கர்லிசே பிள்ளைகளுக்கு நடுவில் இருந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு மணிக்குச் சங்கத்து ஆண்கள் எல்லோரும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வெளியே போனார்கள். ஹென்னிங் ஒரு இன்ப அதிர்ச்சி ஏற்பாடு செய்திருந்தார். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பதினொரு பேரும் வரிசையாக நின்று, குடும்பத்தை வரவேற்றுப் பதினொரு வேட்டுத் தீர்ப்பது.

தீர்த்தார்கள். ஒரு வெடிகூடப் பிசகவில்லை. துவக்கைத் தோளில் சாய்த்து, சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்கள்.

கதிரைகளில் ஒருவரும் இல்லை.

மேசைக்குக் கீழே சுஜிந்தன் காதைப் பொத்திக் குப்புறக் கிடந்தான். அவன் மேல் அஜந்தினி. இருவர் மேலும் அருள்நாயகி. ஒன்றரை வருடம் காதடைப்பான் போட்டுக்கொண்டு அந்தச் சுடுதிடலில் கண்ணிமைக்காமல் நின்ற ஸ்ரனிஸ்லாஸும் அங்கேதான் கிடந்தார். எப்போது கீழே போனார் என்று அவருக்கே தெரியாது. விரலெல்லாம் கிரீம்.

பிரெபன் துவக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுவரில் சாய்த்தான், பிறகு எடுத்தான், பிறகு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். ஹென்னிங் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டு நின்றார்.

இங்கர்லிசேதான் முதலில் அசைந்தாள். இரண்டு தட்டில் கேக்கை வைத்துக்கொண்டு, தன் உயரமான உடம்பை மடித்து, மேசைக்குக் கீழே ஊர்ந்து போய் அவர்களோடு இருந்தாள். முதலில் தானே ஒரு வாய் தின்றாள். கொஞ்ச நேரத்தில் சுஜிந்தன் ஒரு காதை மட்டும் விட்டுக் கையை நீட்டினான். அரை மணி நேரம் அவர்கள் அங்கேயே இருந்து சாப்பிட்டார்கள். ஆண்கள் சுவரோரம் நின்று ஆறிப்போன கோப்பியைக் குடித்தார்கள்.

அந்த ஆண்டு அறிக்கையில் ஹென்னிங் எழுதினார்: "தமிழ்க் குடும்பத்துக்கான வரவேற்பு வேட்டு திட்டமிட்டபடி நடைபெற்றது. மீண்டும் நடத்தப்படமாட்டாது."

ஸ்ரனிஸ்லாஸ் சங்கத்துக்குப் போவதை நிறுத்தினார். பிரெபன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளரிடம் பேசி, அவரைப் பொதி கட்டும் பிரிவிலிருந்து வால்வுகளின் அளவு சரிபார்க்கும் அறைக்கு மாற்றுவித்தான். இங்கர்லிசே மாதம் ஒரு முறை வந்து அருள்நாயகிக்குக் கேக் செய்யப் பழக்கினாள். அருள்நாயகி அவளுக்குக் கணவாய்க் கறி பழக்கினாள். கேக் வந்தது. கணவாய் கடைசிவரை இங்கர்லிசேக்கு வரவில்லை.

1993 தையில், தமிழ்க் கோப்புகளை நிறுத்தி வைத்தது பற்றி விசாரித்த நீதிபதியின் அறிக்கை வெளிவந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். அரசாங்கம் பதவி விலகியது. தேவராசா வேலையிடத்திலிருந்தே தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, விழுந்திட்டுது!"

"ஆர் விழுந்தது?" என்று அருள்நாயகி பதறினாள். "எங்கை விழுந்தது? அடி பட்டதோ?"

"அரசாங்கம் அக்கா! எங்களாலை!"

"ஐயோ, நாங்கள் ஒண்டும் செய்யேல்லையே," என்றாள் அவள்.

பிரெபன் அன்று அளவு அறைக்கு வந்து கதவோரம் நின்றான். "நான் ஓட்டுப் போட்ட அரசாங்கம்," என்றான். கோபமா, மன்னிப்பா என்று தெரியாத ஒரு குரல். ஸ்ரனிஸ்லாஸ் அவனுக்கு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். இருவரும் பத்து நிமிடம் வால்வுகளை அளந்தார்கள்.

ஹென்னிங் நூலகத்தில் சொல்லிவைத்து அந்த அறிக்கையை இரவல் வாங்கினார். தங்கள் சங்கத்துக் கடிதம் அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கத்தான் வாங்கினார். கடிதம் எங்கும் இல்லை. ஆனால் வாசிக்கத் தொடங்கிய ஒன்றைப் பாதியில் விடும் பழக்கம் அவருக்கு இல்லை. வைகாசியில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஸ்ரனிஸ்லாஸின் வீட்டு மணியை அடித்தார். எழுபத்தைந்து வயது, சைக்கிளில் வந்திருந்தார்.

"உன்னைப்போல இத்தனை பேரா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார். "நான் உன்னுடையது ஒன்றுதான் தவறிப்போனது என்று நினைத்தேன். இவ்வளவு பேரும் காத்திருந்தது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

"ஏன் சொல்லவில்லை?"

"அப்ப அதைச் சொல்ல டேனிஷ் காணாது."

ஹென்னிங் உள்ளே வந்து சோபாவில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றி நீண்ட நேரம் துடைத்தார். அருள்நாயகி அவரைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"மனிசன் காலையிலை இருந்து ஒண்டும் சாப்பிடேல்லைப் போலை கிடக்கு," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள்.